ஒன்பதாவது அங்கி

மாச்சோவின் கழுத்துப் பொத்தான் போட வரவில்லை.

தெக் ஹின் முட்டி போட்டு, மூச்சை அடக்கி, மூன்றாம் முறையாக இழுத்துப் பார்த்தார். தைப்பிங் நகரத் தையல்காரர் இரண்டு மாதம் உட்கார்ந்து தைத்த அங்கி அது. பொன்சரிகையில் டிராகன் போட்டிருந்தது. கடல் அம்மாவான மாச்சோவின் சிலை இரண்டடிதான். ஆனால் அவள் மேல் ஏற்கெனவே எட்டு அங்கிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒருவர் சாத்தியது. ஒன்றையும் யாரும் கழற்றியதில்லை. தையல்காரர் சிலைக்கு அளவெடுத்தாரே தவிர அங்கிகளுக்கு எடுக்கவில்லை.

"மேல இருக்கறதுல ரெண்டைக் கழட்டிடுங்களேன், கியன் ஹோ அப்பா," என்றாள் மனைவி சியூ லூன்.

"மேல இருக்கறது ஐஸ் ஆலை கோர் போட்டது. அதைத் தொட்டா கோலா குராவ் பூரா சொல்லிட்டுத் திரிவான்."

கோர் பெயரை எடுத்தாலே தெக் ஹின்னுக்கு முகம் மாறிவிடும். எங்கள் கோலா குராவில் மாச்சோ ஆண்டுக்கு ஒரு வீட்டில் குடியிருப்பாள். யார் வீட்டில் என்று அவளேதான் சொல்ல வேண்டும். பிறைபோல வெட்டிய இரண்டு மரக்கட்டைகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சம்மதம். யாருக்குத் தொடர்ந்து அதிகச் சம்மதம் விழுகிறதோ அவர் வீட்டுக்கு வருவாள். சென்ற முறை கோருக்குத் தொடர்ந்து ஐந்து சம்மதம் விழுந்தது. தெக் ஹின்னுக்கு ஏழு. அன்றிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. மீன் ஏற்ற வரும் லாரி டிரைவர் முதல் அஞ்சல்காரர் வரை அந்த ஏழு சம்மதத்தைக் கேட்காதவர் இல்லை.

அங்கி மட்டும் பெருமைக்கு நேர்ந்ததில்லை, மகனுக்கு நேர்ந்தது. ஒரே மகன் கியன் ஹோ முதல்முறையாகப் படகுத் தலைவனாகி ஆழ்கடலுக்குப் போனபோது, படகுத்துறையில் நின்று, முழுசாகத் திரும்பி வந்தால் பொன்னங்கி சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். சியூ லூன் இப்போது அதை நினைவூட்டினாள். பையன் வந்த பிறகுதானே சாத்த வேண்டும் என்றாள்.

"நாளன்னிக்கு அவ பொறந்தநாள் ஊர்வலம். ஊரே கூடும். அப்புறம் சாத்தினா யாரு பாக்கறது, நண்டா?"

"வேண்டுதல் அவளுக்கா, கோருக்கா?"

தெக் ஹின்னுக்குக் காது கேட்கவில்லை. மாச்சோ பிறந்தநாளில் யாரும் கடலில் இருக்கமாட்டார்கள். மகனும் வந்துவிடுவான். பல்லக்கின் முன்தண்டை அவன்தான் தோளில் வாங்க வேண்டும், ஊர்வலத்தன்று காலைக்குள் கரையில் இரு என்று படகு ரேடியோவில் அவரே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தையல்காரர் இரண்டு பக்கமும் துணி ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். பொத்தான் ஏறியது. ஆனால் மாச்சோ உருண்டையாகிவிட்டாள். கழுத்து துணிக்குள் புதைந்துபோய், தலையிலிருந்த பழைய கிரீடம் சோடா மூடிபோலத் தெரிந்தது. கோர் வந்து பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டுப் போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தெக் ஹின் தாங்கியிருப்பார்.

விழாவுக்கு வந்திருந்த நாடகக் கோஷ்டியிடம் மகாராணி வேடத்துக்கான கிரீடம் இருந்தது. கண்ணாடிச் சில்லு, பாசிமணி, ஆடும் பந்துகள் எல்லாம் வைத்தது. கெஞ்சி வாங்கி வந்தார். வைத்ததுதான் தாமதம், மாச்சோ முன்னால் சாய்ந்து, படையலுக்கு வைத்திருந்த ஆமை வடிவச் சிவப்புப் பணியாரத்தில் முகம் குப்புற விழுந்தாள்.

துடைத்து நிமிர்த்தி, வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை முதுகுப்பக்கம் தொங்கவிட்டார். இப்போது பின்னால் மல்லாந்தாள்.

சியூ லூன் சிரிக்கவில்லை. பணியாரத்தை மறுபடி அவிக்கப் போனாள்.

கடைசியில் அடுத்த வீட்டு ஆ சுவானைக் கூப்பிட்டார். வலை பழுதுபார்ப்பவள், அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக இந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை. பல்லக்கில் வைக்கும் நாற்காலியோடு அம்மாவைச் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டிவிடு என்றார். அவள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ கூப்பிட்ட குரலுக்குச் செருப்புகூட மாட்டாம ஓடி வர்றவ, ஹின் அண்ணே. புயல்ல எங்க வீட்டுக்காரரைக் கைகொடுத்துத் தூக்குனப்ப தலையைக்கூட முடிஞ்சிருக்கலையாம்."

"அது உன் வீட்டுக்காரருக்கு. இது ஊர்வலம். மரியாதையா உக்காரணும்."

ஆ சுவான் விடவில்லை. அம்மாவையே ஒரு வார்த்தை கேளுங்கள் என்றாள். தெக் ஹின் கட்டைகளைப் போட்டார். இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. அப்படியென்றால் அம்மா சிரிக்கிறாள், பதில் இல்லை என்று பொருள். சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெக் ஹின் விளக்கினார். மறுபடி போட்டார். இரண்டும் கவிழ்ந்தன. அது முடியாது என்பது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை ஈரமாக இருந்ததால் வழுக்கிவிட்டது என்று சொல்லி, கட்டைகளை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். ஆண்டு முழுக்க ஏழு சம்மதத்தைப் பாடிக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு மறுப்பைக் கேட்கக் காது இல்லை.

ஆ சுவான் மடியிலும் மார்பிலும் தோளிலுமாக ஆறு சுற்றுச் சுற்றினாள். அங்கியின் மடிப்புக்குள் கயிறு மறைந்துவிட்டது.

"இது கத்தி வெச்சாத்தான் அவுரும்," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனாள்.

ஊர்வலத்தன்று காலையில் ஆற்றுமுகத்துக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. மற்ற ஆண்டுகளில் பல்லக்கு துள்ளும். தூக்குகிறவர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடும். அம்மா இறங்கிவிட்டாள் என்று கூட்டம் வழிவிடும். இந்த ஆண்டு அசையவே இல்லை. தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம். முன்தண்டில், இன்னும் கரை சேராத கியன் ஹோவின் இடத்தில் கோரின் அண்ணன் மகன் தோள் கொடுத்திருந்தான்.

சந்தைமுனைக்கு வந்தபோது காற்று அடித்தது. குடைகள் பறந்தன. நாடக மேடையின் கூரைத் தகரம் பறந்தது. கோரின் தொப்பி சாக்கடையில் போய் விழுந்தது. மாச்சோ மட்டும் ஒரு இஞ்ச் சாயவில்லை. தலையில் பந்துகள் ஆட, கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். கோரே நனைந்த தலையோடு கிட்டே வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் உக்கார வெச்சிருக்க," என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு. தெக் ஹின்னுக்குக் கண்ணில் நீர் முட்டியது. படகுத்துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மழையில் ஒன்றும் தெரியவில்லை. மழை விட்டதும் பையன் வந்துவிடுவான், வந்ததும் கோர் சொன்னதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மழை விட்டது. படகு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. ஊர்வலம் முடிந்து இறக்கிய கோலத்திலேயே மாச்சோ கூடத்தில் இருந்தாள். அவள் முன்னால் தெக் ஹின் தரையில் நெற்றியை வைத்துக் கிடந்தார். சியூ லூன் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். மூன்றாம் நாள் காலை கடல் போலீஸ் படகு ஒருவனை மட்டும் கொண்டுவந்து இறக்கியது.

அவன் பெயர் பஹ்ரி. அக்கரையிலிருந்து வந்த இந்தோனேசியக்காரன். படகு கிளம்பிய அன்று காலையில்தான் வேலைக்குச் சேர்ந்தவன். தவுக்கே என்று அவன் அழைக்கும் முதலாளி தெக் ஹின்னின் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. மீன்பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டதென்று கியன் ஹோ காற்றுக்கு ஒதுங்காமல் நேராகக் கரையைப் பார்த்துப் படகை விட்டானாம். படகு கவிழ்ந்தபோது கரை கண்ணுக்குத் தெரிந்ததாம். கியன் ஹோவும் மற்ற இருவரும் கடலோடு போய்விட்டார்கள்.

போர்வையைப் போர்த்திக்கொண்டு படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆ சுவான் கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தெக் ஹின் அவன் எதிரில் குந்தினார்.

"கடைசியா ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல தவுக்கே. கூப்பிட்டுட்டேதான் இருந்தாரு. யாரோ மாச்சோவாம். உங்க வீட்டுப் பெரியம்மாவா?"

பஹ்ரி காப்பியை ஒரு வாய் குடித்தான். நான் சொன்னால் போலீஸ்காரர்கள் நம்பவில்லை, உப்புத்தண்ணி குடித்த மயக்கம் என்கிறார்கள் என்றான்.

"அவங்களும் வந்தாங்க தவுக்கே. குண்டா ஒரு அம்மா, ஒடம்பு பூரா துணி. நாற்காலியில உக்காந்தபடியே தண்ணி மேல வந்தாங்க. சின்னவரு கையை நீட்டுனாரு. அவங்களும் முன்னால முன்னால எக்கி எக்கிப் பாத்தாங்க. பாவம், எந்திரிக்கத்தான் முடியல."