மாமியாருக்குப் போட்ட கரி வரி

ஏரி உறையும்போது பாடும். பையனாக இருந்த காலத்தில், நவம்பர் மாத இருட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். முதலில் யாரோ நீளமான கம்பியை மீட்டியதுபோல் ஒரு ரீங்காரம். பிறகு கரையிலிருந்து கரைக்கு ஓடும் ஒரு விம்மல். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பாட்டு தாமதமாகிக்கொண்டே வந்தது. பாடிய நாளிலும் தொண்டை கட்டியிருந்தது.

ஆகவே, 1990 ஜனவரியில் எங்கள் அரசாங்கம் உலகத்திலேயே முதன்முதலாகக் கரி வரி, அதாவது கரியமில வாயுவைக் கக்கும் எரிபொருளுக்கு வரி, போட்டபோது, வானொலிப் பெட்டிக்கு முன்னால் எழுந்து நின்று கை தட்டினேன். பின்லாந்து முழுவதிலும் அப்படிச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எரிக்கிறவன் கொடுக்கட்டும். பூமி கொஞ்சம் குளிரட்டும்.

என் பெயர் தைஸ்தோ. எங்கள் மொழியில் போர் என்று பொருள். "ஆமா, அடிக்கிற போர்" என்பாள் என் மனைவி சிர்க்கா. நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி வந்தவன். மறுக்க வழியில்லை.

நாட்டுக்கு வந்த வரியை வீட்டுக்கும் கொண்டுவருவதென்று அன்றே தீர்மானித்தேன். எல்லாம் பூமிக்காகத்தான். ஆனால் அந்தப் பூமியின் மேல் என் மாமியாரும் இருந்தார்.

அவர் பெயர் ஹில்யா. அமைதி என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். வீடு ஏரிக்கு அக்கரையில். சனிக்கிழமைதோறும் ஒரு கிழட்டு டீசல் காரில், ஏரியைச் சுற்றிக்கொண்டு, வானத்தில் கறுப்புக் கோடு இழுத்தபடி வருவார். வந்ததும் எங்கள் நீராவிக் குளியலறையான சவுனாவுக்குள் முதல் ஆளாக நுழைவார். விறகு பிளந்தது நான். அடுப்பு மூட்டியது நான். தாயும் மகளும் உள்ளே உட்கார்ந்து, பேசிப் பேசி, கொதிக்கிற கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி ஊற்றி, நல்ல ஆவி முழுவதையும் தீர்த்துவிட்டு வெளியே வருவார்கள். பிறகு நான் போய் ஊற்றினால் கல் "ஸ்ஸ்ஸ்" என்று சீறாது. "ம்" என்று சொல்லும்.

எனக்கு அந்த முதல் ஆவி வேண்டும். சாவதற்குள் ஒரு சனிக்கிழமையாவது.

காபி நேரத்தில் அறிவித்தேன்.

"சிர்க்கா, இனிமே நம்ம வீட்டிலயும் கரி வரி."

"சரி."

"கேளு முதல்ல. யார்கிட்டேருந்து புகை வருதோ, அவங்களுக்கு அன்னிக்கு சவுனாவில கடைசி முறை. அதுதான் வரி."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். சட்டத்துக்கு முன்னாடி சொந்தம் பந்தமெல்லாம் கிடையாது."

"சவுனா அடுப்பே புகையுதே?"

"விறகுக்கு விலக்கு. மரம் திரும்ப வளரும்."

"எங்கம்மா கார்?"

"அடடா, அதை நான் நினைக்கவே இல்லையே!"

"நல்ல சட்டம்" என்று சொல்லி எனக்கு இன்னொரு கோப்பை காபி ஊற்றினாள். அந்த இடத்திலேயே நான் வரியை ரத்து செய்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டைக் காணோம். சிர்க்கா என் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து என் தலையில் அழுத்தினாள்.

"கிளம்பு. அம்மா காத்திட்டிருப்பாங்க."

"கார் என்னாச்சு?"

"கார்ல வந்தா வரியாமே. உதைவண்டி போதும்னுட்டாங்க. ஏரிதான் கெட்டியா உறைஞ்சிருக்கே."

"எண்பது வயசுல உதைச்சுக்கிட்டு வருவாங்களா?"

"அவங்க உட்காருவாங்க. உதைக்கிறது நீ."

உதைவண்டி என்பது இரண்டு சறுக்குக் கம்பிகளின் மேல் நிற்கும் நாற்காலி. முன்னால் உட்கார்ந்திருப்பவர் ராணி. பின்னால் நின்று பனியை உதைத்து உதைத்துத் தள்ளுகிறவர் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளைப் பையா, மெதுவாப் போ. பல் செட்டு ஆடுது."

"சரி அத்தை."

"இவ்வளவு மெதுவாவா? காது விறைச்சுப் போச்சு."

"சரி அத்தை."

"பூமியைக் காப்பாத்தறவன் இப்படியா மூச்சு வாங்கறது?"

வாசலில் வண்டியை நிறுத்தி "அப்பாடா" என்றேன். வெளியே எச்சில் துப்பினால் கல்லாகிவிடும் குளிர். என் வாயிலிருந்து ஒரு வெள்ளை மேகம் புறப்பட்டு, அசையாமல் எல்லோர் முன்னாலும் நின்றது.

"சிர்க்கா, உன் வீட்டுக்காரன்கிட்டேருந்து புகை வருது பார்" என்றார் அத்தை.

"அது மூச்சு!"

"மூச்சில என்ன வாயு வருது? வாத்தியார்தானே, சொல்லேன்."

முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். அன்று விடை தெரியாத மாணவனைப்போல் கூரையைப் பார்த்தேன்.

"யாரா இருந்தாலும்னு நீதானே சொன்னே?" என்றாள் சிர்க்கா.

"நீங்களும்தான் மூச்சு விடறீங்க!"

இருவரும் சட்டென்று மூக்குவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு 'இல்லை' என்று தலையாட்டினார்கள். என் மாமியார் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குக் கல் "ம்" கூடச் சொல்லவில்லை.

குளிர்காலம் முழுவதும் இப்படியே போயிற்று. கொண்டுவருவதும் நான், கொண்டுவிடுவதும் நான், கடைசியில் குளிப்பதும் நான். வரி போட்டவன் முகத்திலேயே கரி. ஆனாலும் மனசுக்குள் ஒரு தெம்பு. வசந்தம் வரும். பனி இளகும். உதைவண்டி ஓடாது. அத்தை காரில் ஏறித்தானே ஆகவேண்டும்?

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வண்டி வழக்கத்தைவிடக் கனத்தது. அத்தையின் மடியில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் தையல் மிஷின்.

"இதெல்லாம் என்ன அத்தை?"

"துவைக்க வேண்டிய துணி."

"தையல் மிஷினையுமா துவைக்கணும்?"

"கேள்வி கேட்காதே. பேசினா புகை வரும்."

மறுநாள் காலையில் அவரைக் கொண்டுவிட வண்டியை எடுத்தேன். சிர்க்கா கரைவரை ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"ஏரி மேல கால் வைக்காதே. இனி தாங்காது."

"அப்ப அவங்க கார்ல போகட்டும்."

"கார் அக்கரையிலதானே இருக்கு."

"நம்ம கார்ல நானே கொண்டுவிடறேன்."

"வரி?"

"நானே கட்டறேன். வருஷம் பூரா கடைசியா குளிக்கிறேன். போதுமா?"

"நீ கட்டிடுவே" என்றாள் சிர்க்கா, மிகுந்த கவலையோடு. "பூமி?"

வண்டியைத் திருப்பினேன். வீட்டுக்குள்ளிருந்து தையல் மிஷின் ஓடும் சத்தம் வந்தது.

அத்தை தொண்ணூற்றாறு வயதுவரை எங்களோடுதான் வாழ்ந்தார். ஒரு சனிக்கிழமைகூட இரண்டாவதாகக் குளிக்கவில்லை.