மூணு இஞ்ச் இறக்கம்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவாவது நான் எடுப்பது என்று அன்று பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டேன். என் பிக்கப் வண்டியை இறக்கப் போகிறேன். பயப்படாதீர்கள், பள்ளத்தில் அல்ல. ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைக்கப் போகிறேன்.

நான் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். தினமும் வேலைக்குப் போய்வர அந்த வண்டிதான். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரைத் தாண்டுகிறவன் மாதிரி நிற்கும். எதிர்வீட்டுக்காரர் வண்டியோ தரையோடு தரையாக, அத்தனை அழகு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

மனைவியிடம் அழகு என்று சொன்னால் நடக்குமா? அவள் தையல்காரி. நாக்கும் கத்தரியும் ஒரே பதம். ஒரு வருஷமாக, "வண்டி ஷெட்டைக் குடுங்க, மெஷினைப் போட்டுக்கறேன்" என்று கேட்பாள். "வண்டி எங்கே நிக்கும்?" என்று நான் வாயை அடைப்பேன். அதனால் ஒரு பொய்யை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

"உங்கம்மாவுக்கு முழங்கால் வலி. வண்டியில ஏற எவ்வளவு கஷ்டப்படறாங்க, பாவம். கொஞ்சம் இறக்கிடலாம்னு பாக்கறேன்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எவ்வளவு இறக்குவாங்க?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு இஞ்ச்னு ஸ்பிரிங் வருதாம்."

"இருங்க." கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு வாசலுக்குப் போனாள். வண்டிக்கடியில் குனிந்தாள். கேட் பக்கம் குனிந்தாள். அம்மா கால் வைக்கிற உயரத்தை அளக்கிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

"மூணே போட்டுடுங்க. செய்யறதை முழுசா செய்யணும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "தினம் ஓட்டற வண்டி சார். கண்ணாடி வேற ஏத்தறீங்க. ஒரு இஞ்ச் போதும். மூணு போட்டா அடி தட்டும்."

"வீட்டுல மூணுன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப அப்பீலே இல்ல சார்" என்று ஸ்பானரை எடுத்தார்.

சாயங்காலம், எதிர்வீட்டைப் பார்த்தபடியே வண்டியைக் கேட்டுக்குள் திருப்பினேன். வாசல் சரிவின் உச்சியில் 'கறக்'. பின்னால் எடுத்து மெதுவாக ஏற்றினேன். கறக். குறுக்காக ஏற்றினேன். கறக். எதிர்வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். அவர் வாசலில் சரிவே கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஷெட்டில் விளக்கு எரிந்தது. இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி போன மாதம் நானே வெட்டிக் கொடுத்தது.

"என்ன இது?"

"வண்டிதான் உள்ள வராதே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையிலயே அளந்தேனே. ரெண்டு இஞ்ச் இறக்கினா ஏறிடும். அதான் மூணு சொன்னேன்."

"பழைய ஸ்பிரிங்கையே மாட்டிடறேன்" என்றேன், இருந்த குரலையெல்லாம் திரட்டி.

"மாட்டுங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. மாப்பிள்ளை எனக்காக வண்டியையே மாத்திட்டாருன்னு கண்கலங்கிட்டாங்க. நாளையிலேர்ந்து காஜா எடுக்க இங்கதான் வர்றாங்க. எட்டு மணிக்குப் போய் ஏத்திக்கிட்டு வந்துடுங்க."

மறுநாள் எட்டு மணி. அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம், மாப்பிள்ளை."