ஹவுஸ்புல் நாகேந்திரமும் ஒரு காக்கி உடுப்பும்

கொழும்பில் எத்தனையோ வகை மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். நாடகத் தயாரிப்பாளர் என்றொரு வகை உண்டு; தலைக்கு மேலே மின்னல் வெட்டினாலும், மேடைக்கு அந்த வெளிச்சம் போதுமா என்று பார்க்கிற வகை. கொட்டாஞ்சேனை நாகேந்திரம் அதில் முதல்தரம். ஊரடங்கு வந்ததும் இரவுக் காட்சியைப் பகலுக்கு மாற்றி, ‘வெயிலோடு வந்து சிரியுங்கள்!’ என்று நோட்டீஸ் அடித்து, மின்வெட்டு வந்ததும் பெற்றோல்மாக்ஸ் விளக்கைக் கொளுத்தி வைத்து அதற்குப் ‘புராதன ஒளியமைப்பு’ என்று பெயரும் சூட்டி, பதினொரு நாடகம் போட்டவர். பதினொன்றும் ஹவுஸ்புல். வேறென்ன வேண்டும்?

பன்னிரண்டாவதில் கதாநாயகன் ஒரு பொலிஸ்காரன். மண்டபத்தில் உடுப்பு மாற்ற ஒரே அறை; அது கதாநாயகி றோஸிக்கு. ஆகவே தெஹிவளையிலிருந்த நடிகர் சிவபாதசுந்தரத்துக்கு நாகேந்திரம் போன் எடுத்தார்.

“தம்பி, வீட்டிலயே வேஷம் போட்டுக்கொண்டு வாரும்.”

அவரும் வெளிக்கிட்டார். காக்கி உடுப்பு, ஒட்டுமீசை, இடுப்பில் மரத்துப்பாக்கி. வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பொய்ப் பொலிஸ்காரன் அகப்பட்டால் என்ன நடக்கும்?

அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோன செய்தி வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நாகேந்திரத்துக்கு நோட்டீஸ் வாசகம் எதுவும் தோன்றவில்லை. “நான்தானே அப்பிடி வரச் சொன்னனான்,” என்று முணுமுணுத்தபடி, றோஸியையும் இழுத்துக்கொண்டு ஓட்டோவில் பொலிஸ் நிலையத்துக்குப் பறந்தார்.

“நாட்யயக், சேர், நாட்யயக்!” நாடகம்தான் என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

பொறுப்பதிகாரி நம்பவில்லை. அப்படியானால் நடித்துக் காட்டு என்றார்.

நடித்தார்கள். பயத்தில் சிவபாதசுந்தரத்தின் குரல் கீச்சிட்டது. திருடியாக வந்த றோஸி தொப்பியைப் பறிக்க, மீசை பாதி கழன்று உதட்டில் தொங்கியது. ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார். பிறகு இன்னொருவர். தமிழ் ஒரு சொல்லும் விளங்காத பொறுப்பதிகாரி, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்து, போகலாம் என்று கையசைத்தார். துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நாகேந்திரம் நடிகரைக் கட்டிப்பிடித்து அழுதார். உண்மையான அழுகை, ஓட்டோ கிடைக்கும்வரை நீடித்தது. பிறகு கண்ணைத் துடைத்தார்.

“அவங்கள் எந்த இடத்தில கூடுதலாச் சிரிச்சவங்கள், கவனிச்சனீரோ?”

“அண்ணை, எனக்கு இன்னும் கால் நடுங்குது!”

“அந்த நடுக்கத்தை அப்பிடியே வைச்சிரும். மேடைக்கு வேணும்.”

இரண்டு மணித்தியாலம் காத்திருந்த சனம், நாடகம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது. மறுநாள் சுவரெல்லாம்: ‘பொலிஸ் நிலையத்தில் மேடையேறிப் பாராட்டுப் பெற்ற ஒரே தமிழ் நாடகம்!’ நாடகம் நாற்பத்து மூன்று காட்சிகள் ஓடியது.

சிரிக்கிறீர்களா? உங்களையும் ஒருநாள் சாவடியில் பத்து நிமிஷம் மறித்தார்கள். வீட்டில் சொன்னபோது அது ஒரு மணித்தியாலம். கலியாண வீட்டில் சொன்னபோது மூன்று. நடுவில் ஒரு பிரிகேடியரும் வந்து சேர்ந்தார். டிக்கெட் எப்போது விற்கப் போகிறீர்கள்?