மாமனாரின் மத்தியானத் தூக்கம்

"உங்க மாமனார் குறட்டை விடுவாராப்பா?"

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக முதலாளி இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? டிசைனர் கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்தான். பாதி மேசையில் விழுந்தது, பாதி கீபோர்டில் விழுந்தது.

"ஏன் சார் கேக்கறீங்க?"

"மெத்தைக்காரர் கேக்கச் சொன்னார். புக்லெட்ல வயிறு இருக்கு, முழங்கால் இருக்கு, வாய் எவ்வளவு தூரம் திறந்திருக்கும்னுகூட இருக்கு. குறட்டையைப் பத்தி மட்டும் ஒரு வரி இல்லையாம்."

"எந்த புக்லெட் சார்?"

"நேத்து நீ அனுப்பினதுதான். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாதுன்னுட்டார்."

டிசைனர் தான் அனுப்பிய கோப்பை அவசரமாகத் திறந்து பார்த்தான்.

விஷயம் இதுதான். ஒரு பக்கத்தை வடிவமைக்கும்போது, எழுத வேண்டியவர் எழுதித் தருகிறவரை அந்த இடத்தில் ஒப்புக்கு ஏதாவது எழுத்தைக் கொட்டி வைப்பார்கள். இங்கிலீஷில் அதற்கென்றே அர்த்தமில்லாத ஒரு பத்தி உண்டு. தமிழில் அர்த்தமில்லாத எழுத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், அவசரத்துக்கு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் டிசைனர் தன் சொந்த வலைப்பூவிலிருந்தே நாலு பத்தியை வெட்டி ஒட்டிவிடுவான். பிறகு எடுத்துவிடுவான். இந்த முறை எடுக்க மறந்துவிட்டான்.

வலைப்பூவுக்குப் பெயர் 'கோணல் கோடு'. தனக்கு யோசனைகள் எங்கிருந்து வருகின்றன என்று அதில் எழுதுவான். வராத வாரங்களில் வரவில்லையே என்று எழுதுவான். சொந்தப் பெயர் போடுவதில்லை. படிக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள், அதில் ஒரு விரல் அவனுடையது. அந்தத் தைரியத்தில்தான் மாமனாரைப் பற்றி எழுதினான்.

மெத்தைக் கம்பெனிக்கு லோகோ வேண்டும் என்று வேலை வந்தபோது அவன் மூளை சுத்தமாக வறண்டு போயிருந்தது. நிலா வரைந்தான், மேகம் வரைந்தான், இறகு வரைந்தான். "இதெல்லாம் எங்க தாத்தா காலத்துத் தலையணை உறையிலயே இருக்கு" என்று மெத்தைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல உக்காந்து நிம்மதியா யோசி. அப்படியும் வரலைன்னா இந்த வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்" என்றார். அந்த வாரம் 'கோணல் கோடு' முழுக்க ஒரே புலம்பல்.

புலம்பலைப் போட்ட அடுத்த நாள் மத்தியானம் கூடத்து சோபாவில் மாமனார் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை தலைக்கடியில், ஒரு முழங்கால் செங்குத்தாக, நடுவில் தொப்பை. நெற்றியிலிருந்து கட்டைவிரல்வரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடாக வரைந்துவிடலாம் போலிருந்தது. வரைந்தான். லோகோ பிறந்துவிட்டது.

மெத்தைக்காரர் துள்ளிக் குதித்தார். புதுக்கடை திறப்புக்கு ஒரு புக்லெட் போடவேண்டும், அதில் மெத்தை ரகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வேண்டும் என்றார். அதற்கும் கடவுள் வழிவிட்டார். மறுநாள் மாமனார் ஒருக்களித்துத் தூங்கினார், அதற்கு மறுநாள் குப்புறப் படுத்துத் தூங்கினார். டிசைனர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்து வரைந்தான். பென்சில் விழுந்தது, தும்மல் வந்தது, மனிதர் அசையவில்லை. சட்டை மடிப்பு சரியாக விழவில்லையென்று ஒருநாள் நுனியை இழுத்துவிட்டான். இன்னொரு நாள் துணிந்து, அவர் கையை இரண்டு விரலால் தூக்கித் தலைக்கு மேலே வைத்தான். வைத்த கை வைத்த இடத்திலேயே இருந்தது. இதையெல்லாம் வலைப்பூவில் ரசித்து ரசித்து எழுதியிருந்தான்.

மாமனார் ரசிக்கிற ரகமில்லை. ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. அவர் பார்வை பட்டால் கடிகாரம்கூட நாம் சரியாக ஓடுகிறோமா என்று யோசிக்கும். மூத்த மாப்பிள்ளை ஒருமுறை சாப்பிடும்போது, "மாமா, கொஞ்சம் சதை போட்டுட்டீங்க" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவரோடு மாமனாருக்கு உள்ள உறவு போனில் 'ம்' சொல்கிற அளவில் நிற்கிறது. டிசைனரும் மனைவியும் குடியிருப்பதோ அந்த மாமனாரின் வீட்டில். "படம் போடற வேலைக்கெல்லாம் சம்பளம் தராங்களா?" என்று கல்யாணத்துக்கு முன்பு கேட்டதோடு சரி, அப்புறம் அவனிடம் தொழிலைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை. தொப்பையை ஒருவன் கோடு போட்டு ஊருக்கே காட்டப்போகிறான் என்று தெரிந்தால் பெட்டியும் படுக்கையும் வாசலுக்கு வந்துவிடும்.

"சார், 'மாமனார்' வேண்டாம் சார். வேற யாராவதுன்னு மாத்திடறேன்" என்று கெஞ்சினான்.

"மத்தது எதையும் தொடாதே" என்றார் முதலாளி.

தொடவில்லை. 'மாமனார்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று போடும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே உத்தரவு கொடுத்தான். நொடியில் வேலை முடிந்தது. மெத்தைக்காரருக்கு அனுப்பினான். நிம்மதியாக வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, மனைவியிடம் நடந்ததைச் சொல்லிப் புக்லெட்டைக் காட்டினான்.

"எங்கப்பாவா? பகல்லயா தூங்கினார்? பகல்ல தூங்கறவனைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காதே" என்றாள் அவள்.

"வயசாகுதில்ல. நீ படி."

படித்தாள். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு முகம் சிவந்தது.

"ஏங்க, போய்ச் சேர்ந்த எங்கம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாங்க?"

"ஏன், என்னாச்சு?"

அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். "'என் மனைவி பக்கத்து வீட்டுக்காரரின் இளைய மகள். அவளுக்கும் அவள் அக்காவுக்கும் அப்படியே பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு. பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் அழகைத் தினமும் எங்கள் வீட்டுச் சோபாவில் பார்க்கிறேன்.'"

டிசைனர் புக்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து மெத்தைக்காரர் போனில் வந்தார்.

"தம்பி, பெரிய மனசு உங்களுக்கு. இப்படி வெளிப்படையா எழுத யாருக்கு வரும்? ஆனா குடும்ப விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும். மெத்தை விக்கிற இடத்துல பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம்."

"சார், அது கம்ப்யூட்டர் பண்ணின தப்பு சார்."

"யார் பண்ணின தப்பா இருந்தாலும் பரவாயில்லை. பழையபடி மாமனாரையே போட்டுட்டேன். முதலாளிகிட்ட சொல்லியாச்சு. நீங்க மனசைத் தேத்திக்குங்க."

அன்றிரவு மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது மெத்தைக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் உற்சாகம் வழிந்தது.

"தம்பி, ஒரு யோசனை. கடையைத் திறந்து வைக்க உங்க மாமனாரையே கூப்பிட்டுட்டா என்ன? போனை அவர்கிட்ட கொடுங்க, நானே பேசிடறேன். வீட்டு நம்பர் இருந்தாலும் சரி."

நல்லவேளையாக அன்று காலைதான் மாமனார் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"அவர் இல்லைங்க சார்."

மறுமுனையில் சத்தமே இல்லை. போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"எப்போ?" என்றார் மெத்தைக்காரர், வேறு குரலில்.

"இன்னிக்குக் காலையிலதான் சார்."

"காலையிலயா? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"கஷ்டமெல்லாம் இல்லை சார். பக்கத்துலதானே, நடந்தே போயிட்டார்."

"நடந்தபடியே போயிட்டாரா?" மெத்தைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொடுத்து வச்சவர் தம்பி. எல்லாருக்கும் அப்படி அமையாது."

முடி வெட்டிக்கொள்ளப் போவதில் கொடுத்து வைக்க என்ன இருக்கிறது என்று டிசைனருக்குப் புரியவில்லை. மெத்தைக்காரருக்குத் தலையில் முடி இல்லை, அந்த ஏக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதன்பிறகு அவர் கூப்பிடவே இல்லை. ஆபத்து விலகிவிட்டது என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டு நாள் லீவு போட்டு, மனைவியைச் சமாதானப்படுத்துவதில் செலவழித்தான்.

லீவு முடிந்து ஆபீசுக்குப் போனபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலாளி அவன் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை.

"ஏம்ப்பா அதுக்குள்ள வந்தே? இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரலாமில்ல?"

"வேலை இருக்கே சார்."

"அதெல்லாம் முடிச்சாச்சு. நானே பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்பிட்டேன். உனக்குப் பிடிக்கும்னு நினைக்கிறேன்."

புக்லெட்டைக் கையில் கொடுத்தார். அட்டையில் அவன் வரைந்த ஒற்றைக்கோட்டு மாமனார் தொப்பையோடு மல்லாந்து படுத்திருந்தார். சுற்றிலும் தடிமனாகக் கறுப்புக் கட்டம். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது: 'அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். எங்கள் மெத்தையில் நீங்களும் தூங்கலாம்.'

டிசைனர் உள்ளே புரட்டினான். வயிறு, முழங்கால், வாய், எல்லாப் பத்தியும் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தில், 'அமரரான மாமனாரின் நினைவாக, அன்பு மருமகன்' என்று அவன் பெயரும் இருந்தது.

"சார், இவர் சாகலை சார்."

"அப்படித்தாம்ப்பா இருக்கும். எங்கப்பா போனப்போ எனக்கும் ஒரு மாசம் அப்படித்தான் இருந்துச்சு."

"நிஜமாவே உயிரோட இருக்கார் சார். இன்னிக்குக் காலையில ஃபேனை யார் நிறுத்தாம விட்டதுன்னு கேட்டார் சார்."

முதலாளியின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. "அப்போ ஒரு சின்னச் சிக்கல் இருக்கு" என்றார். "மெத்தைக்காரர் இப்பதான் உங்க வீட்டுக்குக் கிளம்பினார். துக்கம் விசாரிக்க."

டிசைனர் மெத்தைக்காரரைப் போனில் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டான், அவளும் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து, சிக்னலில் சிக்கி, பாதியில் இறங்கி, மீதித் தூரம் ஓடினான். வீட்டு வாசலில் மெத்தைக்காரரின் கார் நின்றது. கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய புது மெத்தை ஒன்று இருந்தது.

கூடத்தில் மாமனார் சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலியில் மெத்தைக்காரர், மடியில் ஒரு பெரிய மலர் வளையம். மனைவி தண்ணீர்த் தம்ளரோடு சிலையாக நின்றாள்.

"நீங்க பெரியவருக்கு அண்ணனா, தம்பியா?" என்று மெத்தைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பெரியவருக்கு?" என்றார் மாமனார்.

"போனவருக்குத்தாங்க. என்ன ஒரு ஜாடை. அதே நெத்தி, அதே மூக்கு." புக்லெட்டை எடுத்து அவரிடம் மரியாதையாக நீட்டினார். "பாருங்க, அப்படியே இருக்கார்."

"மாமா, அதை வாங்காதீங்க" என்றபடி டிசைனர் உள்ளே பாய்ந்தான். கால்மிதி வழுக்கியது. எழுந்து நிற்பதற்குள் மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார்.

"மாமா, அது வந்து..."

மாமனார் ஒரு விரலை உயர்த்தினார். டிசைனர் வாயை மூடிக்கொண்டான்.

அட்டையைப் பார்த்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்தார். முதல் பக்கத்தைத் திருப்பி, ஆபீஸ் கோப்பைப் படிக்கிற மாதிரி வரிக்கு வரி ஆள்காட்டி விரலை ஓட்டினார். வயிற்றைப் படித்தார். முழங்காலைப் படித்தார். வாயைப் படிக்கும்போது விரல் சற்று நின்று, பிறகு நகர்ந்தது.

மெத்தைக்காரர் அவர் மூக்கையும் அட்டைப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனது. மெல்ல எழுந்து, மலர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அது அவரைவிடப் பெரிதாக இருந்தது.

மாமனார் கடைசிப் பக்கத்தை முடித்துப் புத்தகத்தை மூடினார்.

"மூணாம் பக்கத்துல 'தொப்பை'க்கு ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு" என்றார்.

அதற்குமேல் டிசைனரால் தாங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. இந்த வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்று தோன்றியது. "மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க தூங்கும்போது தெரியாம வரைஞ்சது பெரிய தப்பு. நாங்க இந்த மாசமே வேற வீடு பார்த்துட்டுப் போயிடறோம்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு முகத்தைச் சுளித்தபடி பின்கழுத்தைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

"வீடெல்லாம் எதுக்கு? அடுத்த தடவை யோசனை வரலைன்னு பிளாக்ல புலம்பும்போது, உக்காந்தபடி செய்யற மாதிரி ஏதாவது வேணும்னு எழுதுங்க மாப்பிள்ளை. அசையாம படுத்துப் படுத்துக் கழுத்து பிடிச்சுப்போச்சு."