தலைநகரம் (பொறுப்பு)

பக்கத்து அறையில் தொலைபேசி மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

அது சாலைத் துறையின் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஓர் இரும்பு அலமாரி, ஒரு தொலைபேசி. சாலைத் துறை என்பது இவ்வளவுதான். ஆள் கிடையாது. அந்த மாடியில் மட்டுமில்லை, அந்தப் பிரமாண்டமான தலைமைச் செயலகத்திலேயே தன்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது? அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. எழுந்து போய் எடுத்தார்.

"சாலைத் துறைங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆமா" என்று வந்துவிட்டது.

"எங்க ஊர்ப் பாலத்துக்கு மனு போட்டிருந்தோம்."

"பார்த்துட்டு இருக்கோம்."

மறுமுனையிலிருந்து தழுதழுத்த குரலில், "பழைய தலைநகர்ல இருந்தப்ப போனைக்கூட எடுக்க மாட்டாங்க சார். நீங்க நல்லா இருக்கணும்" என்று வைத்துவிட்டார்கள்.

வைத்த கையோடு எதிர் அறையில், சுகாதாரத் துறையில், மணி அடித்தது.

அவரைப் பழைய அலுவலகத்தில் எல்லோரும் 'பொறுப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் ஓய்வு பெற்றாலும், யார் நீண்ட விடுப்பில் போனாலும், அந்த நாற்காலியில் இவரை உட்கார வைத்து, பதவியின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டுவிடுவார்கள். ஆள் வந்ததும் எழுந்துகொள்வார். அடைப்புக்குறிக்குள்ளேயே குடித்தனம் நடத்தி முடி நரைத்துவிட்டது.

புதிய தலைநகருக்கு முன்னதாகப் போய் அலுவலகத்தைத் திறந்து வைக்க ஆள் வேண்டும் என்றபோது எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அந்தப் பெரிய தேசத்தில் எத்தனையோ மாநிலங்கள். மாநிலத்துக்கு ஒரு பாஷை, ஒரு தலைநகரம். மற்றத் தலைநகரங்கள் எல்லாம் ராஜா கோட்டை கட்டினான், கப்பல் வந்து நின்றது என்று ஏதோ ஒரு காரணத்தால் வளர்ந்தவை. இது மட்டும் கோபத்தில் பிறந்தது. தலைநகரம் எங்களுக்குத்தான் என்று மலைக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் மண்டையை உடைத்துக்கொண்டதில், 'ரெண்டு பேருக்கும் வேண்டாம், நடுவுல வை' என்று முடிவாயிற்று. நடுவில் இருந்தது ஒரு பொட்டல்.

பொட்டலில் ஆறு வண்டிகள் ஒன்றாகப் போகும் அகலத்தில் ரோடு போட்டிருந்தார்கள். வண்டிதான் இல்லை. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரியும்; அவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். பச்சை விழும், போவார். நின்றதும் தெரியாது, போனதும் தெரியாது, பார்க்க ஒருத்தர் வேண்டுமே. சில நாள் வெயிலில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் இன்னும் நிறையப் பேர் நின்று காத்திருப்பது போலத் தோன்றும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஆனாலும் அவர் மனைவிக்கு அது சொர்க்கம். கல்யாணம் ஆனதிலிருந்து அவளுடைய அண்ணன் வீட்டில் ஒற்றை அறை. அடுப்படியில் அண்ணி முடித்தால்தான் இவள் நுழைய முடியும். இங்கே மூன்று அறை, தனி அடுப்படி, இஷ்டப்பட்ட நேரத்துக்குப் பாத்திரத்தை உருட்டலாம்.

தினமும் காலையில் பழைய தலைநகரிலிருந்து துணைச் செயலாளர் கூப்பிடுவார். அவர் குரலுக்குப் பின்னால் தட்டச்சுப் பொறிகள் சடசடக்கும், யாரோ டீ கேட்பார்கள், நாற்காலிகள் இழுபடும். அந்த இரைச்சலைக் கேட்டதும் பொறுப்பு ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்வார்.

"என்னய்யா பொறுப்பு, ஆபீஸ் ஓடுதா?"

"ஓடுது சார். ஆளுங்க எப்ப வருவாங்க?"

"வந்துட்டே இருக்காங்க. இங்க பாரு, சட்டசபைல கேள்வி மேல கேள்வி. அங்க ஒண்ணுமே நடக்கலைன்னு தெரிஞ்சா தலைநகரமே வேண்டாம்னு தீர்மானம் போட்டுடுவாங்க. அப்புறம் நீயும் மூட்டையக் கட்டிக்கிட்டு மச்சான் வீட்டுக்கே போக வேண்டியதுதான்."

மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரும்ப அண்ணி முகத்துல முழிக்கணுமா? நானும் வர்றேன் ஆபீஸுக்கு."

யார் வந்து கேட்டாலும் 'அண்ணி குளிக்கிறாங்க' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. கல்வித் துறைக்கு மூக்கால் பேசினாள். வேளாண்மைக்குக் கரகரப்பாக. சமூக நலத்துக்கு மட்டும் அண்ணியின் குரலை அப்படியே எடுத்து வைத்தாள். அந்தத் துறைக்குக் கூப்பிட்டவர்கள் இரண்டாம் தரம் கூப்பிடவில்லை.

சட்டசபைக் குழு பார்வையிட வருகிறது என்று ரேடியோவில் சொன்னதும் இருவரும் ஓடியாடி எல்லா அறைகளிலும் மின்விசிறியைச் சுழல விட்டார்கள். நாற்காலிகளின் முதுகில் அவருடைய சட்டைகளையும் துண்டுகளையும் போட்டார்கள். மேசைக்கு மேசை காம்பை விரித்து வைத்த பழைய மூக்குக் கண்ணாடி, திறந்து வைத்த பேனா. குழுவின் கார் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றியது. வெயிலுக்குப் பயந்து ஒருவரும் இறங்கவில்லை. அன்று சாயங்காலமே, புதிய தலைநகரம் முழு வேகத்தில் இயங்குவதாக ரேடியோ சொல்லியது.

அவள் சிரித்துக்கொண்டே துண்டுகளை எடுக்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்னங்க, நீர்வளத் துறைக்கு நீங்க கண்ணாடி வெச்சீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இப்ப மடிச்சு வெச்சிருக்கு."

மறுநாள் நண்பகல். நான்காவது மாடியில் நீர்வளத் துறையின் மணி அடித்தது. மூச்சு வாங்க அவர் படியேறிப் போய்க் கதவுக்கு வெளியே நின்றபோது மணி நின்றுவிட்டது. உள்ளே யாரோ தாழ்ந்த குரலில், "பார்த்துட்டு இருக்கோம்" என்றார்கள்.

கதவைத் தள்ளினார். யாரும் இல்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரிசீவரைத் தொட்டார். சூடாக இருந்தது.

அன்றே அறைகளைப் பூட்டினார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பூட்டிய அறைகளுக்குள் மணி அடித்தது, இரண்டு தரம் அடித்து நின்றது, முணுமுணுப்பு கேட்டது. அணைத்த விளக்குகள் எரிந்தன. எரியவிட்ட விளக்குகள் அணைந்தன. கீழே முன்வாசல் கதவோரம் அவர் போட்டு வைத்த மாவில் காலடிகள் பதிந்திருந்தன. ஆனால் உள்ளேயிருந்து வெளியே போகும் காலடிகள் மட்டும்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோன நாளில் மனைவி சொன்னாள்: "அந்த நீர்வளத் துறைக்கே ஒரு போன் போடுங்களேன்."

"விளையாடறியா?"

"போடுங்க. உயிரோட இருந்தவங்ககிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கோம், வந்துச்சா?"

அவர் எண்ணைச் சுழற்றினார். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். பெண் குரல். விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "ஆகட்டும்" என்றது. ஒரு மணி நேரத்தில் குழாய் கொட்டியது.

"பேயா இருந்தாலும் வேலை செய்யற பேய்" என்று மனைவி குடத்தை வைத்தாள். அவருக்குத்தான் குளிர்ஜுரம் வந்துவிட்டது.

ஜுரம் விட்டதும் அவளே ஒரு யோசனை சொன்னாள். அவர் கீழேயிருந்து நீர்வளத் துறைக்குக் கூப்பிட வேண்டும்; அவள் அந்த அறை அலமாரிக்குப் பின்னால் துடைப்பத்தோடு நிற்பாள். அப்படியே செய்தார்கள். மணி அடித்தது. மேலே ஓர் அலறல். அதற்குப் பதில்போல இன்னோர் அலறல். பொறுப்பு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார்.

உள்ளே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு ஓர் இளம்பெண் நின்றாள். கழுத்தில் சாவிக்கொத்து.

"அடிக்காதீங்க அக்கா. நான் மேற்குக் கட்டடத்துத் தட்டச்சர்."

கடற்கரைக்காரர்கள் பொறுப்பை அனுப்பியது போலவே மலைக்காரர்கள் தங்கள் பக்கத்து ஆளாக அவளை முன்னதாக அனுப்பியிருந்தார்கள். வேறு யாரும் அங்கே கிடையாது, ஆபீஸ் ஓடுவது போலக் காட்டிக்கொள் என்பதுதான் அவளுக்கும் உத்தரவு. மேற்கிலிருந்து வரும் பின்படி வழியாக ஏறி, பக்கத்து அறைக் கதவைத் திறந்து வருவாள். மணி அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு அந்த வழியே ஓடிவிடுவாள். ஒரே ஒரு தரம் பயத்தில் முன்வாசல் வழியாக ஓடினாளாம். பம்ப் மோட்டாரைப் போட்டதும் அவள்தான்.

"என்னைப் பார்த்து நீங்க பயந்தீங்களா சார்? ஒவ்வொரு நாற்காலியிலும் சட்டை தொங்குது, உள்ள ஆள் இல்ல. விசிறி சுத்தறப்ப கையெல்லாம் அசையுது. நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அதுலயும் சமூக நலத் துறையில ஒரு பொம்பளைப் பேய் பேசும். அப்பா, அந்தக் குரல்."

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, டீ போடறேன்" என்றாள்.

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. மலையும் கடலும் சண்டை போட்டுக்கொண்டதில் இரண்டு தரப்புக்கும் இரண்டு ஏமாளிகள், அவ்வளவுதான் சங்கதி. பொறுப்புக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ரோஷம் வந்தது. மறுநாள் காலையில் துணைச் செயலாளர் கூப்பிட்டபோது முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னய்யா பொறுப்பு, ஆபீஸ் ஓடுதா?"

இப்போதெல்லாம் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. பின்னால் தட்டச்சுச் சத்தம் மட்டும் முன்னைவிடப் பலமாக இருந்தது.

"ஓடாது சார். இன்னிக்கு ஆள் வரலைன்னா நான் எந்த போனையும் எடுக்க மாட்டேன். அடைப்புக்குறியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இரைச்சல் சட்டென்று நின்றது. எல்லோரும் தலையைத் தூக்கி இவர் பேசுவதைக் கேட்பது போல இருந்தது.

"கோவிச்சுக்காதய்யா" என்றார் துணைச் செயலாளர், மெதுவாக. "எல்லாரும் கிளம்பியாச்சு. மத்தியானத்துக்குள்ள அங்க இருப்போம்."

மனைவி வாசலைப் பெருக்கினாள். தட்டச்சர் அறைகளைத் திறந்து வைத்தாள். பொறுப்பு இருந்ததில் நல்ல சட்டையாக ஒன்றை நாற்காலியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு படியில் நின்றார். உச்சி வெயிலில் தூரத்தில் புழுதி கிளம்பியது. பஸ் இல்லை. ஒரு லாரி. வாசலுக்கு வந்து, பின்பக்கம் தூக்கி, உடைந்த செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் கடகடவென்று கொட்டியது.

ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "வாசப் பள்ளத்தை நிரப்பச் சொன்னாங்க சார்."

"அது இருக்கட்டும். வழியில ஆபீஸ் ஆளுங்க வந்த பஸ் ஏதாவது பார்த்தியா?"

"எந்த ஆபீஸ் ஆளுங்க?"

"பழைய தலைமைச் செயலகத்து ஆளுங்கப்பா. காலையில துணைச் செயலாளர் தன் சீட்டுல உட்கார்ந்து என்கிட்டப் பேசினாரே, எல்லாரும் கிளம்பியாச்சுன்னு."

ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொட்டிக் கிடந்த குவியலைப் பார்த்தார்.

"இதுதான் சார் பழைய செயலகம். எல்லாரும் இங்க வந்து வேலை பார்க்கறாங்கன்னு சட்டசபைக் குழு சொன்ன மறுநாளே, உள்ள ஆள் இருக்கான்னுகூடப் பார்க்காம இடிச்சுத் தரைமட்டமாக்கியாச்சே."