ஒரு சிம் கார்டும் ஐந்து கையெழுத்தும்

உலகில் இதுவரை நடந்திருக்கும் அத்தனை தவறுகளுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவற்றைச் செய்வதற்கு முன்னால் யாரும் படிவம் நிரப்பவில்லை. ஏதேன் தோட்டத்தில் ஏவாள் அந்தப் பழத்தைக் கடிக்குமுன் ஒரு விண்ணப்பம் எழுதி, ஆதாம் அதைச் சரிபார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தால், நாமெல்லாம் இன்றைக்கும் அங்கேயே சௌக்கியமாக இருந்திருப்போம். இந்த அரிய உண்மையைக் கண்டு சொன்னவர் செகந்திராபாத் பொலாரத்தில் வசிக்கும் திருவாளர் கிதியோன். வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்ட் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில், முப்பத்தொரு வருட சேவை. இப்போது அந்தப் பிரிவுக்கே மேலாளர்.

மாத்திரைத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே எதை மாற்றினாலும், உத்தரத்தில் எரியும் ஒரு பல்பை மாற்றினால்கூட, முதலில் 'சேஞ்ச் கண்ட்ரோல்' என்ற படிவம் எழுத வேண்டும். ஏன் மாற்றுகிறோம், மாற்றினால் என்ன ஆபத்து, மாற்றாவிட்டால் என்ன ஆபத்து என்று எட்டுப் பக்கம். கடைசியில் ஐந்து கையெழுத்து. அது இல்லாமல் நடப்பதற்கெல்லாம் 'டீவியேஷன்' என்று பெயர்; விதியிலிருந்து விலகிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு வேறொரு படிவம். நாம் விழுங்குகிற மாத்திரை நம்மைக் கொல்லாமல் இருப்பது இந்த வழக்கத்தால்தான், மறுக்க முடியாது. கிதியோனின் தனிப்பெருமை, அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தது.

வீட்டில் பிரச்சினை என்னவென்றால், அவர் மனைவி ஆக்னஸின் போன் உயிரோடும் இல்லை, சாகவும் இல்லை. ஒருநாள் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து திரையின் மேல்பாதி கறுத்துப்போய்விட்டது. மகள் ஆனி அயர்லாந்தில் நர்ஸ், எட்டாவது மாதம். வீடியோவில் கூப்பிட்டால் மூக்குக்குக் கீழேதான் தெரியும். தாய்க்குக் கண்ணைக் காட்டுவதற்காக ஆனி நாற்காலியில் சறுக்கிச் சறுக்கி உட்காருவாள். எட்டு மாத வயிற்றோடு அவள் அப்படிச் சறுக்குவதைப் பார்க்க முடியாமல் ஆக்னஸே "போதும்மா, நிமிந்து இரு" என்று சொல்லிவிடுவாள்.

"எனக்கு ஒரு போன் வாங்கித் தாங்க," என்றாள் ஆக்னஸ். "பிள்ள பொறந்ததும் முகத்தை முழுசாப் பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கலை."

அந்தச் சமயத்தில்தான் பொலாரம் கடைத்தெருவில் ஒரு விளம்பரம் தொங்கியது. பழைய கம்பெனியை விட்டுவிட்டு, நம்பரை மாற்றாமலே புதிய கம்பெனிக்கு வந்தால், புத்தம்புது ஸ்மார்ட்போன் பாதி விலையில். அதற்குச் செய்யவேண்டியது ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புவது, உடனே எண்ணும் எழுத்துமாக ஒரு 'கோடு' வரும், அதை நான்கு நாளைக்குள் கடையில் கொடுப்பது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்று கிதியோன் அதிர்ந்துபோனார். பத்தொன்பது வருடமாக இருந்த கம்பெனியை ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் விடுவதாவது. அன்றே எட்டுப் பக்கப் படிவம் ஒன்று ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்தது.

முதல் கட்டம், கடையைத் தணிக்கை செய்வது. கடையின் பொறுப்பாளர் பத்மஜா, வந்தவரைச் சிரித்த முகத்தோடு உட்காரவைத்தாள். கிதியோன் எண்பத்துநான்கு கேள்விகள் கொண்ட தாளை எடுத்தார். உரையாடல் தெலுங்கில் நடந்தது. அவர் தமிழில் எழுதிவைத்திருக்கும் குறிப்பிலிருந்து ஒரு பகுதி:

"இந்தக் கடைல எலி, கரப்பான் கட்டுப்பாட்டுக்குப் பதிவேடு இருக்கா?"

"எலி இல்ல சார்."

"இல்லைன்னு எதுல எழுதியிருக்கு?"

"எலியே இல்லையே சார், என்னன்னு எழுத?"

"எழுதலைன்னா இருக்குன்னுதான் அர்த்தம்மா."

பத்மஜா மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "சார், மேடத்தோட ஆதார், அந்தக் கோடு, ஒரு போட்டோ. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்," என்றாள் கெஞ்சலாக. கிதியோன் குறித்துக்கொண்டார்: 'அவசரப்படுத்துகிறார்கள். ஆபத்து: அதிகம்.'

இரண்டாவது கட்டம், சிக்னல் ஆய்வு. மகன் இவான் கச்சிபௌலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அங்கேயே தங்கியிருந்து சனிக்கிழமைதோறும் வருவான். அவனிடம் புதிய கம்பெனி சிம்தான் இருந்தது. அவன் போனை வாங்கி வீட்டில் பதினேழு இடங்களில் வைத்து, காலை, மதியம், மாலை என்று சிக்னல் கோடுகளை எண்ணி எழுதினார். குளியலறையில் இரண்டு கோடு, கிரைண்டர் பக்கத்தில் மூன்று, ஆக்னஸின் துணி அலமாரிக்குள் ஒன்று. மாத்திரையை வெக்கையிலும் ஈரத்திலும் வைத்து, அது இரண்டு வருடம் தாங்குமா என்று பார்ப்பார்கள் அல்லவா, அந்த முறையில் போனை இட்லிப் பானைமேல் வைத்தபோதுதான் இவான் முதல்முறையாக ஆட்சேபம் தெரிவித்தான்.

"டாடி, அது என் போன்."

"இப்ப அது சாம்பிள்."

"கைக்கு டாடி, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? சிம் மாத்தறதுக்கு இத்தனை பேஜாரா? போர்ட் பண்ணு, கதம்."

"உன் வயசுல நானும் அப்படித்தான் பேசினேன்," என்றார் கிதியோன். இது உண்மையில்லை. அவர் இவான் வயதில் கல்யாணப் பத்திரிகைக்கே இரண்டாவது ஆளிடம் சரிபார்ப்புக் கையெழுத்து வாங்கியவர்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, ஆக்னஸின் போனிலிருந்து அவரே எஸ்.எம்.எஸ். அனுப்பினார். கோடு வந்தது. கூடவே பழைய கம்பெனியிலிருந்து சுப்ரியா என்ற பெண்ணின் அழைப்பும் வந்தது. போகிறவர்களைத் தடுத்து நிறுத்துவதே அவள் உத்தியோகம்.

"பத்தொன்பது வருஷமா எங்களோட இருக்கீங்க சார். எங்க மேல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா."

"அப்புறம் ஏன் சார் போறீங்க?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு குறைகூடப் பதிவாகலைன்னா, நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு அர்த்தம்."

பிறகு சுப்ரியா, தினமும் அரை ஜிபி கூடுதலாகத் தருவதாகச் சொன்னாள். அதை எழுத்தில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இனி கையெழுத்து. மாற்றத்தைத் தொடங்குபவர், கிதியோன். பரிசீலிப்பவர், கிதியோன். ஆபத்தை மதிப்பிடுபவர், கிதியோன். ஆனால் தொடங்கியவரே ஒப்புதலும் அளிக்கக்கூடாது என்பது விதி. அதில் அவர் தன்னையே மன்னிக்கமாட்டார். எனவே ஒப்புதல் அளிப்பவர், இவான். திங்கட்கிழமை வந்த கோடு வெள்ளிக்கிழமை செத்துப்போனது. சனிக்கிழமை வந்த இவான் செத்துப்போன கோடுக்கு ஒப்புதல் அளித்தான்.

"வாட்ஸப்புலயே ஓகேன்னு அனுப்பியிருப்பேனே டாடி."

"நீல மசி. பேனா. அசல் கையெழுத்து," என்றார் கிதியோன்.

அடுத்த முறை வியாழக்கிழமை கோடு வாங்கலாம் என்று ஆக்னஸ் யோசனை சொன்னாள். நல்ல யோசனைதான். ஆனால் வாரத்தின் நடுவில் தொடங்க வேண்டுமானால் நடைமுறையை மாற்ற வேண்டும். நடைமுறையை மாற்ற ஒரு சேஞ்ச் கண்ட்ரோல் வேண்டும். அது ஒரு வாரம் எடுத்தது. பிறகு வியாழக்கிழமை இரண்டாவது கோடு வந்து, சனிக்கிழமை இவானும் வந்து, தேதியில் நான்கை ஐந்தாகத் திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டான். எழுதியதன் மேலேயே எழுதுவது மாத்திரை உலகில் கொலைக்குச் சமானம். படிவம் ரத்து. புதிய படிவத்துக்கு எண் போட ஆபீஸ் திறக்க வேண்டும், கையெழுத்துக்கு இவான் மறுபடி வர வேண்டும். அந்தக் கோடும் செத்தது.

"பிள்ள அதுக்குள்ள பொறந்துட்டா?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

"டாக்டர் அடுத்த மாசம் பத்தாம் தேதின்னு எழுதியே கொடுத்திருக்கார்," என்றார் கிதியோன். எழுதிக் கொடுத்ததை ஒரு குழந்தை மீறும் என்று அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

மூன்றாவது கோடு அடுத்த வியாழக்கிழமை வந்தது. இவான் அந்த வாரம் விசாகப்பட்டினம் போயிருந்தான். கிதியோன் மனம் தளரவில்லை. அடுத்த புதன்கிழமை, மறுநாள் வாங்கப்போகும் நான்காவது கோடுக்கான படிவத்தைக் கண்ணாடிக் கவருக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

ஆக்னஸ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு. கையில், கிதியோன் வீட்டில் இதுவரை பார்த்திராத ஒரு போன்.

"சீக்கிரம் வாங்க. பொறந்துட்டா. பொம்பளப் பிள்ள. அரை மணி நேரம் ஆகுது."

கிதியோன் குனிந்து பார்த்தார். திரை முழுக்க ஆனியின் முகம். களைத்த கண்கள். அதன் பக்கத்தில் துணிக்குள்ளிருந்து ஒரு சிவந்த சின்ன முகம் எட்டிப்பார்த்து, உலகத்தைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல் கொட்டாவி விட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் இதற்காகத்தான் எல்லாம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அப்பா, தெரியுதா?" என்றாள் ஆனி.

"தெரியுது தாயி. முழுசாத் தெரியுது."

சரியாக இரண்டு நிமிடம் அவர் தாத்தாவாக மட்டும் இருந்தார். ஆனியை டாக்டர் கூப்பிட, மருமகன் போனைக் குழந்தை பக்கம் திருப்பிவைத்துவிட்டு நகர்ந்தான். மூன்றாவது நிமிடம் கிதியோன் மேலாளராகிவிட்டார்.

"இது ஏது போன்?"

"வெள்ளிக்கிழமை வாங்கினேன்."

"சிம்?"

"புது கம்பெனி. நேத்துதான் மாறிச்சு. நீங்க வியாழக்கிழமை வாங்கின கோடு உயிரோடதான இருந்துச்சு. ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போய்க் கொடுத்துட்டு வந்தேன்."

"யார் கையெழுத்துப் போட்டா?"

"நான்தான். சிம்மு எம்பேர்லதான இருக்கு."

எண்பத்துநான்கு கேள்வியில் அவர் அதைக் கேட்கவே இல்லை. "கடைல ஏதாவது கேட்டாங்களா?" என்றார் ஹீனமாக.

"சார் கூட வரலையான்னு பத்மஜா கேட்டா. நக்கோ, அதெல்லாம் வேண்டாம், அவரு வரமாட்டாருன்னேன். அஞ்சு நிமிஷத்துல கொடுத்துட்டா."

கிதியோன் உள்ளே போய், டீவியேஷன் படிவத்தை எடுத்துவந்தார். மனைவியாக இருந்தாலும் நடைமுறை நடைமுறைதான். தவறின் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. 'ஏன்' என்று வரிசையாக ஐந்து தடவை கேட்க வேண்டும். ஐந்தாவது 'ஏன்' உண்மையான காரணத்தில் போய் நிற்கும் என்பது அனுபவசாலிகள் கண்ட முடிவு.

"ஏன் ஒப்புதல் இல்லாம மாத்தின?"

"பேத்தி முகத்தைப் பாக்கணும்னு."

"பழைய போன்ல ஏன் பாக்க முடியலை?"

"பாதித் திரை செத்துப்போச்சுல்லா."

"அதை ஏன் உடனே மாத்தலை?"

"நீங்க படிவம் எழுதிட்டு இருந்தீய."

கிதியோனின் பேனா கொஞ்சம் தயங்கியது. "படிவம் ஏன் ஆறு வாரமாகியும் முடியலை?"

"அதுல எல்லாரும் கையெழுத்துப் போடணும்லா. எட்டுப் பக்கத்துல எம்பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் கண்ணாடிக் கவரைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு 'பயன்படுத்துபவர்'. அதற்கு எதிரே அவருடைய அழகான கையெழுத்தில் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தது.

"ஏன்?" என்று கேட்டாள் ஆக்னஸ். கோபமாகக் கேட்கவில்லை. ஐந்தாவது 'ஏன்' பாக்கி இருந்தது, அதை அவளே கேட்டுவிட்டாள்.

கிதியோனுக்குப் பதில் தெரிந்தது. காது மடல் சூடாகும் அளவுக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் முப்பத்தொரு வருட அனுபவம் என்பது சும்மா வந்ததா? நீல மசிப் பேனாவைத் திறந்து, 'மூலகாரணம்' என்ற கட்டத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: 'சம்பந்தப்பட்டவரின் கவனக்குறைவு. மறுபயிற்சி அளிக்கப்படும்.' எழுதிவிட்டுத் தாளை ஆக்னஸ் பக்கம் நகர்த்தினார்.

ஆக்னஸ் அதைப் படித்துப்பார்க்கவில்லை. திரையில் பேத்தி இரண்டாவது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஜீடிமெட்லாவில் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்களும் இதே படிவத்தில், இதே வரிக்குக் கீழே, படித்துப்பார்க்காமல்தான் போடுகிறார்கள். படித்துக்கொண்டு நின்றால் அன்றைய கூலி போய்விடும். அந்தத் தொழிற்சாலையில் கடந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேலாளர்கூட ஒரு தவறும் செய்ததில்லை.