காபித் தட்டும் ஆறாவது விரலும்

பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணுக்கு அப்படியொன்றும் பெரிய வேலை கிடையாது. தலையைக் குனிந்தபடி வர வேண்டும், காபி கொடுக்க வேண்டும், திரும்ப உள்ளே போய்விட வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிசகாமல் செய்துவிடும். முதுகலை வரலாறு முடித்து, எம்.ஃபில். ஆய்வும் செய்துகொண்டிருந்த என்னால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. (பிறகு பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எனக்கு வந்த வரன்களுக்கு மாவட்டம் தேவலாம். நடுவில் ஒருமுறையாவது சேர்ந்தது.)

எழுபதுகளில் மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த கொஞ்ச காலத்தில் எங்கள் பக்கம் நடந்த கள்ளுக்கடைகளின் வரலாறுதான் என் ஆய்வு. ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பனந்தோப்பு. அங்கே இறக்கிய கள் மீன்சுருட்டி, தா.பழூர், இன்னும் ஒரு ஊர் என்று மூன்று கடைகளுக்குப் போனது. தோப்புக்கும் கடைகளுக்கும் ஒரே முதலாளி. ரஞ்சன்குடிக் கோட்டை, சோழர் கால ஏரி என்று கௌரவமான தலைப்புகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டதால் இதுதான் மிச்சம் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நானாகக் கேட்டு வாங்கிய தலைப்பு. கோட்டையில் இருந்தவர்கள் யாரும் இப்போது பேசுவதில்லை. கள்ளுக்கடையில் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை.

அப்பா தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகம் வாசிப்பவர். அவருடைய மூத்த மகள் தோளில் ஜோல்னாப் பையும் கையில் டேப் ரெக்கார்டருமாக ஊர் ஊராக பஸ்ஸிலிருந்து இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்களிடம், "ஐயா, இங்க கள்ளுக்கடை எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீன்சுருட்டியில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்கல்லாம் ஒண்ணும் கெடைக்காதும்மா. வூட்டுக்குப் போ, பெத்தவங்க தேடுவாங்க" என்றார்.

இந்தக் கேள்வியாலேயே இரண்டு வரன்கள் நின்றன. எங்கள் தெருவுக்கு விசாரிக்க வந்தவர்களிடம் டீக்கடைக்காரர், "நல்ல பொண்ணுதாங்க. என்ன, கள்ளுக்கடையத் தேடிக்கிட்டு அலையுது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் தங்கை ரீட்டா வேறு இருந்தாள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

எனக்கும்தான் போயிற்று. ஆனால் என் கவலை வேறு. முதலாளி கிடைக்கவில்லை. அவர் பெயரை எல்லோரும் மறந்திருந்தார்கள், விரலை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. வலது கையில் அவருக்கு ஆறு விரல். "அளக்குறப்ப அந்த வெரல படிக்குள்ள வுட்டுக்குவாரு. ஒரு வெரல் கள்ளு அவருக்கு லாபம்" என்று போகிற ஊரிலெல்லாம் அதையே சொன்னார்கள். அவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். செத்தே போய்விட்டார் என்றார் இன்னொருவர். என் நெறியாளர், "முதலாளி தரப்பு இல்லன்னா இது வெறும் குடிச்சவங்க பேச்சாப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டார்.

அவரைத் தேடியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தா.பழூரில் சவரியம்மாள் என்ற நடவு வேலை செய்யும் அம்மாவைச் சந்தித்திருந்தேன். அவருடைய கணவர் ஒரு சாயங்காலம் அந்தக் கடையில் குடித்துவிட்டு வருகிற வழியில் வாய்க்காலில் விழுந்து இறந்துபோனவர். எல்லாம் பேசி முடித்து நான் டேப்பை நிறுத்திய பிறகு அவர் கேட்டார்:

"அந்த ஆறுவெரல்காரரப் பாத்தீன்னா ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு பாப்பா. அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டை. நான் சோறு போடல. பட்டினியாத்தான் வேலைக்குப் போனாரு. கடையிலயாச்சும் எதையாவது தின்னாரான்னு கேளு."

கட்டாயம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது.

இந்த நிலையில்தான் கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் எங்கள் உபதேசியார் மூன்றாவது வரனைக் கொண்டுவந்தார். வரதராசன்பேட்டைக் குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய அப்பாதான் அவர்கள் தெருவில் தினமும் ஜெபமாலை சொல்லி நடத்துகிறவர். "அப்படியொரு பக்தியான மனுசர் கெடைக்க நாம குடுத்து வச்சிருக்கணும்" என்றார் உபதேசியார்.

அப்பா என்னைத் தனியாக அழைத்தார். "என்ன படிக்கிறன்னு கேட்டா 'கிராமப் பொருளாதாரம்'னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத. ஒனக்காக இல்லன்னாலும் ரீட்டாவுக்காக."

சரி என்று மனதாரத்தான் சொன்னேன்.

அம்மாவின் பட்டுப்புடவை, இரவல் நெக்லஸ், கையில் காபித் தட்டு. சொன்னபடியே தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அதனால் எனக்கு முகங்கள் தெரியவில்லை, கைகள் மட்டுமே தெரிந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளர் எடுத்தார். உபதேசியார் ஒன்று எடுத்தார். மூன்றாவதாக, மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றிய ஒரு கை நீண்டு வந்து டம்ளரை விளிம்போடு பிடித்தது. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருந்தது. அது காபிக்குள் இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். 'மாமா' என்று அழைத்திருக்கலாம், ஒன்றும் அழைக்காமல் உள்ளே போயிருந்தால் அதைவிட நல்லது. வாயிலிருந்து வந்தது இது:

"ஐயா, ஒங்களத்தான் எட்டு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன்."

உபதேசியார் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, பொண்ணுக்கு இப்பவே மாமனார் மேல எவ்வளவு பிரியம்."

"மீன்சுருட்டி கடை, தா.பழூர் கடை ரெண்டும் நீங்கதானே நடத்துனீங்க? தோப்பும் ஒங்களுதுதானே?"

"என்ன கடைப்பா?" என்று மாப்பிள்ளை தன் அப்பாவைக் கேட்டார்.

"கள்ளுக்கடைங்க" என்று பதில் சொன்னது நான். அப்பா, "உள்ள போம்மா" என்றார். என் காதில் விழவில்லை. "ரீட்டா, டேப்ப எடுத்துட்டு வா" என்று குரல் கொடுத்தேன். (எடுத்துக்கொண்டும் வந்தாள். அப்போதெல்லாம் அவளுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.)

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்துவிட்டது. "தா.பழூர்ல சவரியம்மாள்னு ஒருத்தங்க. அவங்க வூட்டுக்காரர் ஒங்க கடையில குடிச்சுட்டுப் போறப்ப வாய்க்கால்ல விழுந்து செத்துட்டாரு. அன்னிக்கு ஒங்க கடையில ஏதாச்சும் சாப்பிட்டாரான்னு கேக்கச் சொன்னாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டார். "கெளம்பலாம்" என்றார், அவ்வளவுதான். மாப்பிள்ளை எழுந்தபோது தன் அப்பாவின் கையை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு போனார்.

பஜ்ஜி ஆறிப்போனது. அப்பா வாசல்வரை ஓடி, உபதேசியாரின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஒரு தலைமையாசிரியர் அப்படி நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அப்பா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் அந்த ஆறுவிரல் பெரியவர் தனியாக வந்தார். உள்ளே வரவில்லை. "அந்தம்மா வூடு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, "போயிட்டு வா" என்றார்.

தா.பழூர் பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கமும் நான் பெண்கள் பக்கமுமாக உட்கார்ந்து போனோம். இறங்கி நடக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"வெரல வுட்டு அளந்தேன்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க."

"வெரல்ல என்ன பெருசாப் போயிடும்? படியோட அடிய உள்பக்கமாத் தட்டி வச்சிருந்தேன். அத ஒருத்தனும் கண்டுபிடிக்கல."

(எட்டு மாத ஆய்வு. அத்தனை கேசட். படியின் அடியைப் பற்றிக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.)

சவரியம்மாள் அவருடைய முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. பெரியவரே பேசினார்.

"அந்த நாள் தனியா ஞாபகம் இல்லம்மா. பொய் சொல்லக் கூடாது. ஆனா என் கடையில வெறும் வயித்துக்கு யாருக்கும் ஊத்த மாட்டேன். ஒரு கை சுண்டல் சும்மா குடுப்பேன். அதத் தின்ன பெறவுதான் கள்ளு. அவரும் தின்னுதான் இருப்பாரு."

சவரியம்மாள் அவரை நம்பியதாகத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நெசமா பாப்பா? நீதான் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தியே."

கேட்டிருந்தேன். அந்தக் கடையில் சுண்டலுக்குத் தனிக் காசு என்றும், அதுவும் அநியாய விலை என்றும், காசில்லாதவனுக்கு ஒரு கடலைகூடக் கிடைக்காது என்றும் மூன்று ஊர்க்காரர்களும் சொன்னது என் பையிலிருந்த கேசட்டுகளில் அப்படியே இருந்தது. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெசந்தாம்மா. எல்லாருமே சொன்னாங்க" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப தின்னுட்டுத்தான் போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, டீ போட உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைகளைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் அவர் பிறகு பல நாள் உட்கார்ந்து சொன்னார். என் ஆய்வேட்டிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள என்ன விற்றார்கள், என்ன விலை என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தேர்வாளர் அதைப் பெரிய குறையாகச் சொன்னார். ஆமாம் சார் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த வரன் அவ்வளவுதான். சில வருடம் கழித்து இன்னொருவர் பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டை ரீட்டா எடுத்துப் போனாள். நான் ஒரு நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது. இன்றும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபித் தட்டு அவர் கையில்தான். "இவகிட்டக் குடுத்தா விசாரணைக் கமிஷன் வச்சிடுவா, வெரல மடக்கி வச்சுக்குங்க" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். ரீட்டா இருந்தால் பட்டுப்புடவையிலிருந்து ஆரம்பித்து முழுக்கதையும் சொல்வாள். அவளுடைய கதை பஜ்ஜி ஆறிப்போனதோடு முடிந்துவிடும்.

சவரியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவர் அதற்கும் முன்னால். அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

கதையை முடிக்கும்போது ரீட்டா எப்போதும் இதைத்தான் சொல்வாள்: "எங்க அக்கா வாயில ஒரு விசயம் நிக்காதுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். ஆமாம் என்று நானும் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடிப்பேன்.